எண்ணிக்கையில் வராதவர்கள்

(செக்காலையில் நடைபெற்ற வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பி வைத்த சங்கத்தின் விழா இது. படித்து மேலேறியவர்களைப் பாராட்டும் இந்நன்னாளில், பள்ளிப் படியையே மிதிக்க இயலாமல் வீட்டிலிருந்துவிட்ட நம்மவர்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். பார்வையற்றோர், காது கேளாதோர், நடமாட இயலாதோர், அறிவுசார் குறைபாடு உடையோர் ஆகிய மாற்றுத்திறனாளிகளையே குறிப்பிடுகிறோம்.

எண்ணிக்கையின் வலிமையை நம் சமுதாயம் நன்கு அறியும். 1932 ஆம் ஆண்டில் லோதியன் பிரபுவின் தலைமையில் வாக்குரிமைக் குழு அமைந்தபோது, தீண்டப்படாதார் எத்தனை பேர் என்பதே பெரும் வழக்காயிற்று. அவர்கள் மிகச் சிலரே என்று சில மாகாணங்களில் சாதிக்கப்பட்டது. தலைகள் குறைந்தால் இடங்களும் குறையும் அல்லவா? அக்குழுவில் உறுப்பினராயிருந்த டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்க மறுத்துத் தம் கருத்தைத் தனிக்குறிப்பாக எழுதி அளித்தார்.

அதே வழக்கு இன்று மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ளது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களைப் பற்றிய கேள்வியே இல்லை. அவர்கள் போராடிய பின்னரே 2001 இல் அக்கேள்வி மீண்டும் இடம்பெற்றது. அப்போது நாடு முழுவதும் 2 கோடியே 19 லட்சம் பேர் எனக் கணக்கு வந்தது. 2011 இல் அது 2 கோடியே 68 லட்சமாக உயர்ந்தது. தமிழ்நாட்டிலோ 2001 இல் ஏறத்தாழ 16 லட்சத்து 42 ஆயிரமாக இருந்தது, 2011 இல் 11 லட்சத்து 80 ஆயிரமாகக் குறைந்தது. நாலரை லட்சம் பேர் நலம் பெற்றுவிட்டனரா? குறைபாட்டை வரையறுத்த முறை மாறிற்று, கேள்வி மாறிற்று, விடையும் மாறிற்று.

மற்றொன்றையும் நோக்குக. 2011 கணக்கின்படி நாட்டு மக்களில் நூற்றுக்கு 2.21 பேர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே 2.45 பேர். வறுமையா, ஊட்டக்குறைவா, உயிருக்கு உலைவைக்கும் வேலையா, உரிய காலத்தில் கிட்டாத மருத்துவமா? இவற்றுள் எது எவ்வளவு காரணம் என்பதை நம் தெருக்களில் கேட்டறிய வேண்டியவர் யார்?

அப்பொறுப்பைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் இளைஞர்கள் ஏற்க வேண்டும். 2016 ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுகளின் வகைகளை 7 இலிருந்து 21 ஆக விரித்தது. அரசுப் பணியில் 4 விழுக்காடும், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இடம் வழங்கிற்று. ஆயினும் சான்றிதழ் பெறாதவருக்கு அது ஏட்டுச் சுரைக்காயே.

ஆய்வினால் ஆவதென்ன என்று ஐயுறுவோர் உண்டு. ஐதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறன் ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது. பொது இடங்களை அணுகும் உரிமை எந்நிலையில் உள்ளது என ஆராயுமாறு 2023 இல் உச்ச நீதிமன்றம் அம்மையத்தைப் பணித்தது. அம்மையத்தின் அறிக்கையைக் கருத்திற்கொண்டு, 2024 நவம்பரில் நீதிமன்றம் கட்டாய விதிகளை வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. பல்கலைக்கழகத்தில் எழுதிய ஏடு நாட்டின் சட்டத்தை அசைத்தது.

நம் காரைக்குடியிலும் அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கெனத் துறை உண்டு. அங்குப் பயில்வோரும் பிற துறைகளில் பயிலும் நம் பிள்ளைகளும் கைகோத்து, ஒரு விடுமுறையில் செக்காலையிலும் அடுத்த தெருக்களிலும் வீடு வீடாகச் செல்லலாம். சான்றிதழ் உண்டா, உதவித்தொகை வருகிறதா, பள்ளி நின்றது எந்த வகுப்பில், ஏன் என்று கேட்கலாம். ஊரார் பழிக்கு அஞ்சி, வாய் பேசாத மகளை மறைத்து, "அப்படி யாரும் இல்லை" என்று சொல்லும் தாயும் இருப்பார். அரசுப் பணியாளரிடம் திறவாத அக்கதவு, நம் வீட்டுப் பிள்ளைக்குத் திறக்கும்.

ஆனால் இளைஞர்களே, சில நெறிகள் வேண்டும். கிடைக்காத உதவியைக் கிடைக்குமென்று சொல்லாதீர். சொன்னவர் பெயரை ஊரில் பரப்பாதீர். உடனிருப்போரை மட்டும் கேட்டுத் திரும்பாமல், மாற்றுத்திறனாளியிடமே கேளுங்கள். கேள்விகளை வகுக்கும்போதே அவர்களையும் உடன் அமர்த்துங்கள். நம்மை விலக்கிவைத்து நம்மைப் பற்றி முடிவெடுத்தவர்களிடம் நாம் பட்ட துன்பத்தை, நாமே பிறருக்குச் செய்யலாகாது. கண்டறிந்ததை முதலில் அத்தெருவிலேயே படித்துக் காட்டுங்கள்.

பின்னர் அதனை எங்கே கொண்டுசெல்வது? உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025 இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாறு மன்றத்தில் அமர்பவர் கையில் உங்கள் கணக்கு இருக்குமானால், அவர் குரல் தனிக்குரலாக இராது, தெருவே பேசும்.

சங்கம் எண்ணிக் காட்டிய பட்டதாரிகளைக் கண்டு பெருமிதம் அடைகிறோம். இனி எண்ணப்படாதவர்களின் வீட்டு வாயிலில் அப்பட்டதாரிகள் நிற்பதைக் காண விழைகிறோம்.