பொம்மைக் காரின் புது மோட்டார்



மின்மோட்டாரின் தத்துவத்தை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். ஓய்வு பெற்ற பின்னர், வானொலி அலையால் ஓடும் என் பேரனுடைய பொம்மைக் காரின் மோட்டாரை ஒரே மாலையில் பாழாக்கியவனும் நானே. புது மோட்டாரைக் காரில் பூட்டி 7.2 வோல்ட் மின்கலத்தை அப்படியே இணைத்தேன். எளிதாகச் சுழலட்டும் என்று தேங்காயெண்ணெயைத் தாராளமாக உள்ளே விட்டேன். சற்று நேரத்தில் தீய்ந்த வாடை எழுந்தது. பேரன் ஒரு சொல்லும் சொல்லவில்லை; அதுதான் என்னை உறுத்திற்று.

அது 540 என்னும் வகை மோட்டார். 1976இல் ஜப்பானின் தமியா நிறுவனம் வெளியிட்ட போர்ஷே 934 காரிலும் அவ்வகையே இருந்தது. காந்தங்களுக்கு நடுவே கம்பி சுற்றிய சுழலி. அதன் ஒரு முனையில் மூன்று துண்டாகப் பிரிந்த செப்பு உருளை. இதனைக் காமுட்டேட்டர் என்பர். இருபுறமும் அதைத் தொட்டு நிற்பவை கார்பன் பிரஷ்கள். புது பிரஷின் முகம் உருளையின் வளைவோடு முற்றும் பொருந்துவதில்லை; ஓரிரு இடங்களிலேயே தொடும். அச்சிறு பரப்பின் வழியே முழு மின்னோட்டமும் பாய்ந்தால் தீப்பொறி பறக்கும், சூடேறும், செப்பு கரியும். நான் விட்ட எண்ணெயோ கார்பன் பொடியுடன் குழைந்து, துண்டுகளின் இடுக்குகளை அடைத்துவிட்டது.

இரண்டாவது மோட்டாரைக் காரில் பூட்டவில்லை. பளுவின்றி மேசைமேல் வைத்து, இரண்டு டார்ச் செல்களை, அதாவது 3 வோல்ட் மட்டும், இணைத்தேன். பத்து நிமிடம் ஓட்டம், கை வைத்துப் பார்த்து ஆறவிடுதல், மீண்டும் ஓட்டம். இவ்வாறு சில முறை செய்தபின் இரைச்சல் தணிந்து ஒரே சீரான ஒலி கேட்டது. பொறியும் குறைந்தது. உதிர்ந்த கரும்பொடியை ஊதி அகற்றினேன். நீரில் அமிழ்த்தி ஓட்டினால் விரைவில் பொருந்தும் என்பாரும் உளர். இரும்பை நீரில் இட எனக்கு மனம் ஒப்பவில்லை.

எண்ணெய் வேண்டுமா என்றால், வேண்டும். அச்சு சுழலும் இரு முனைப் புஷ்களுக்கு மட்டும். வெண்கலப் பொடியை அழுத்திச் செய்த புஷ் நுண்துளைகளில் எண்ணெயைத் தானே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தையல் எந்திர எண்ணெயில் ஊசிமுனைத் துளி போதும். மிகுந்ததைத் துணியால் ஒற்றிவிட வேண்டும். காமுட்டேட்டர்மேல் ஒரு துளியும் படலாகாது.

இப்பொழுது பேரன் பிரஷ் இல்லாத மோட்டார் கேட்கிறான். அதற்கு இப்பழக்கம் தேவையில்லை. பேரிங்குகளுக்கு எண்ணெய் மட்டும் உண்டு. ஊசியை அவனிடமே கொடுத்துவிட்டேன்.