மொறுமொறு உருளைக்கிழங்கு ரோஸ்ட்: எண்ணெய் இரண்டு கரண்டி போதும்

(நமது குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சமையல் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் சமையல் கலைஞர் இல்லை. ஒரு கறியைப் பல வருஷம் தப்பாகச் செய்து, பிறகு திருத்திக்கொண்டவள். அதைத்தான் சொல்லப் போறேன்.

என் வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நெஞ்சுவலி வந்தது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய்க்கு மேல் போகக்கூடாது என்றார் டாக்டர். அவருக்கு ரசம் சாதத்துக்கு உருளைக்கிழங்கு ரோஸ்ட் இல்லாமல் இறங்காது. நான் செய்தால் நாலு கரண்டி எண்ணெய் குடிக்கும், அப்படியும் தொளதொளவென்று இருக்கும். அதனால் அடியோடு நிறுத்தினேன். ஒருநாள் சட்டையைத் துவைக்க எடுத்தால், பையில் பேக்கரி சிப்ஸ் பொட்டலம்! தடை போட்டுப் பலன் இல்லை, ஒழுங்காகச் செய்யக் கத்துக்கணும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

முதலில் கிழங்கு. நம்ம சேலம், நாமக்கல் பக்கம் விளைவது குச்சிக்கிழங்கு. உருளை, ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும். வடக்கே ஆக்ரா பக்கமிருந்தும் வரும். எதை வாங்கினாலும் ஃபிரிட்ஜில் வைக்காதீங்க. குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். வாணலியில் போட்டதும் மொறுமொறுப்பு வருவதற்குள் கருகிக் கசக்கும். நம்ம ஊர் வெயிலுக்குப் பயந்து நானும் ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தேன். இப்போது காற்றாட, இருட்டான மூலையில் கூடையில், ஒரு வாரத்துக்கு மட்டும். பச்சை பாய்ந்த கிழங்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்து தண்ணீர். கிழங்கின் மேலே ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டினால்தான் மேல்தோல் மொறுமொறுக்கும். எண்ணெயைக் கூட்டுவதால் அது நடக்காது, ஈரத்தை விரட்டினால்தான் நடக்கும்.

அரைக் கிலோ கிழங்கைத் தோல் சீவி, ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்க. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு, கால் ஸ்பூன் ஆப்பசோடா போட்டு, கொதி வந்தபின் எட்டு நிமிஷம் வேகவிடுங்க. குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். மஞ்சள்தூளை இதில் போடாதீங்க, சோடா பட்டால் சிவந்துவிடும். சோடா, துண்டின் வெளிப்புறத்தை மட்டும் இளக்கும்.

வடித்து, அதே சூடான பாத்திரத்தில் மூடாமல் ஐந்து நிமிஷம் ஆவி போகவிடுங்க. பிறகு நன்றாகக் குலுக்குங்க. ஓரமெல்லாம் மாவு மாவாக உரசி நிற்கும். அந்தச் சொரசொரப்புதான் மொறுமொறுப்பாக மாறும். இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டுக்கும் இப்படித்தான் வேகவைத்துக் குலுக்கி ஓவனில் வைக்கிறார்கள். மேலே ரெண்டு ஸ்பூன் குச்சிக்கிழங்கு ஸ்டார்ச் மாவு தூவுங்க. ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த ஊரில் இருக்கிறோம், அது கிடைப்பதா கஷ்டம்? இல்லையென்றால் அரிசிமாவு.

அகலமான இரும்பு தோசைக்கல்லில் ரெண்டு குழிக்கரண்டி இல்லை, ரெண்டு மேஜைக்கரண்டி கடலெண்ணெய். நன்றாகக் காய்ந்ததும் இடைவெளி விட்டு அடுக்குங்க. நெருக்கினால் ஆவியில் புழுங்கும். ஐந்து நிமிஷம் கிளறவே கூடாது. கை துறுதுறுக்கும், பொறுத்துக்கோங்க. பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிவிடுங்க. மொத்தம் இருபது நிமிஷம். கடைசியில் தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள். முன்னாடியே போட்டால் தூள் கருகும். ஓவன் வைத்திருப்பவர்கள் அதே எண்ணெயில் புரட்டி, 200 டிகிரியில் நாற்பது நிமிஷம் வைக்கலாம். நடுவில் ஒருமுறை திருப்பணும்.

செய்ததை ஹாட்பாக்ஸில் மூடிவைக்காதீங்க, பத்து நிமிஷத்தில் தொளதொளத்துவிடும். சாதம் பரிமாறும்போது கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு. சர்க்கரை உள்ளவர்கள் நாலு துண்டோடு நிறுத்திக்கோங்க. மிச்ச எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீங்க, குழாயில் கட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்காரர்களுக்குத்தான் கஷ்டம்.

இப்போது மாதம் ரெண்டு ஞாயிறு எங்க வீட்டில் ரோஸ்ட் உண்டு. அவர் சட்டைப் பையை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கேன், பொட்டலம் எதுவும் சிக்கவில்லை.