ஜோ லூயிஸ்: வெற்றியும் வீழ்ச்சியும்



கைவலிமையால் உலகப் புகழ் எய்தி, கணக்கறியாமையால் அல்லலுற்ற ஒரு குத்துச்சண்டை வீரரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஜோ லூயிஸ்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1914-ஆம் ஆண்டில், கறுப்பின உழவர் குடும்பமொன்றில் லூயிஸ் பிறந்தார். பிழைப்பு நாடி அக்குடும்பம் 1926-இல் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. வயலின் பயிலுமாறு அன்னை அளித்த காசை மகன் குத்துச்சண்டைக் கூடத்தில் செலுத்தினார். 1934-இல் தொழில்முறை வீரரானார். வறுமைக் காலத்தில் தம் குடும்பம் அரசிடம் பெற்ற உதவித்தொகையை, கையில் பொருள் வந்ததும் திருப்பிச் செலுத்தினார். அத்தகைய நேர்மையாளர் அவர்.

1936-இல் ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் அவரைப் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். இடக்கையால் குத்தியபின் லூயிஸ் அக்கையைத் தாழ்த்திவிடுவதை ஷ்மெலிங் கூர்ந்து கண்டிருந்தார். தோல்வியிலிருந்து லூயிஸ் பாடம் கற்றார். 1937-இல் ஜேம்ஸ் பிராடாக்கை வென்று ஹெவிவெயிட் பிரிவின் உலக வாகையைச் சூடினார். 1938-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், நியூயார்க் நகரில், ஷ்மெலிங்கை மீண்டும் எதிர்த்து 124 வினாடிகளில் வென்றார். தம் வீரரை இன மேன்மைக்குச் சான்றாகக் காட்டிய நாஜிப் பிரசாரம் அன்று வாயடைத்தது. தம் நாட்டிலேயே சம உரிமை பெறாத கறுப்பின மக்கள் அவ்வெற்றியைத் தம் வெற்றியாகவே கொண்டாடினர்.

1949 வரை, ஏறத்தாழ 12 ஆண்டுகள், 25 முறை அப்பட்டத்தைக் காத்து நின்றார். ஆயினும் வருவாயில் மேலாளர்களுக்கும் பிறர்க்கும் போக எஞ்சியதைக் கணக்கின்றிச் செலவிட்டார். கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்கினார். 1942-இல் இரு போட்டிகளின் ஊதியத்தைப் படைவீரர் குடும்ப நல நிதிகளுக்கு ஈந்து, தாமும் படையிற் சேர்ந்தார். செலுத்தாத வரியோ வட்டியுடன் வளர்ந்து 5 இலட்சம் டாலரைக் கடந்தது.

கடன் அவரை மீண்டும் களத்திற்கு இழுத்தது. 1950-இல் எசார்ட் சார்லஸிடம் தோற்றார். 1951-இல், தம் 37-ஆம் வயதில், 28 வயதுடைய ராக்கி மார்சியானோவை எதிர்த்து எட்டாம் சுற்றில் வீழ்ந்தார். பின்னர்ப் பிழைப்புக்காக மல்யுத்தக் காட்சிகளிலும் தோன்றினார். இறுதியில் லாஸ் வேகாஸ் நகரின் விடுதியொன்றில் விருந்தினரை வரவேற்கும் பணியேற்றார். எதிரியாய் நின்ற ஷ்மெலிங் பிற்காலத்தில் அவருக்கு உற்ற நண்பரானார். 1981-இல் மறைந்த லூயிஸ், ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

நண்பர்களே! இடக்கை தாழ்வதை ஒரு தோல்வி காட்டியது. அவர் அதனைத் திருத்திக்கொண்டார். கைப்பொருள் கரைவதையோ, வெற்றிமேல் வெற்றி வந்த நாட்களில் எவரும் எடுத்துக்காட்டவில்லை. அவரும் எண்ணிப் பார்த்திலர். உடல் வலிமைக்குக் காலவரையறை உண்டு. அது ஈட்டித் தந்ததைப் பேணும் அறிவை வலிமை உள்ளபோதே பெறல் வேண்டும். ஈகை நற்பண்பே; வரவறிந்து ஈவதே அதனை நிலைபெறச் செய்யும். விளையாட்டுத் திடலில் நாளை புகழ் பெறவிருக்கும் உங்களுட் சிலருக்கேனும் இவ்வரலாறு பயன்படுமாக!