பனிநாட்டு நாயும் பக்கத்து வீடும்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் எனக்கு முன் பேசிய அறிஞர்கள் சிலம்பின் நயத்தையும் குறளின் திறத்தையும் எடுத்துரைத்தார்கள். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளியிடம் விடைபெற்றவன். தந்தையார் பணியிலிருக்கும்போதே மறைந்தமையால், கருணை அடிப்படையில் ரயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சரக்கு அலுவலகத்துப் பதிவேடுகளோடு காலங்கழிப்பவன். எனக்கு இலக்கியம் பேச வராது. "தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார் நம் செயலாளர். எனக்கு நன்கு தெரிந்த பொருள் ஒன்றுண்டு. அது உங்கள் அனைவர்க்கும் செவி வழியாகத் தெரிந்த பொருளே. என் வீட்டு நாய் மணியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரிப்பதற்கு உங்களுக்கு முழு உரிமையும் உண்டு. காலனியில் என்னைக் காண்போர் "நலமா?" என்று கேட்பதை விட்டு, "நேற்று இரவு என்ன ஆயிற்று?" என்று கேட்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே நான் இன்று செய்வதைச் சொற்பொழிவு என்பதைவிட, மன்னிப்பு வேண்டுதல் என்பதே பொருந்தும்.

2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பெருந்தொற்றுக் காலம். என் மகளுக்குப் பள்ளியும் இல்லை, விளையாட்டும் இல்லை. பாடமெல்லாம் கைபேசித் திரையில் நடந்தது. குழந்தையின் முகம் நாளுக்கு நாள் வாடுவதைக் காணப் பொறாமல், துணைக்கு ஒரு நாய்க்குட்டி வாங்குவதென முடிவு செய்தோம். அவள் படத்தில் கண்டு ஆசைப்பட்டது சைபீரியன் ஹஸ்கி என்னும் இனம். ஓநாயின் தோற்றம், நீலக்கண், பஞ்சுப் பொதி போன்ற உரோமம். விற்றவரிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "இது அதிகம் குரைக்குமா?" அவர் சிரித்துக்கொண்டே, "குரைக்கவே குரைக்காது, ஐயா" என்றார்.

அன்பர்களே, அவர் சொன்னது பொய்யன்று. ஹஸ்கி நாய்கள் மிகவும் அரிதாகவே குரைக்கும். அவை ஊளையிடும்! அதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆங்கிலப் பெயர் ஏதோ வைக்க விரும்பினாள் மகள். தமிழர் வீட்டு நாய்க்கு மணி என்பதே பெயர் என்று நான் உறுதியாய் நின்றேன். மணி என்று பெயரிட்டால் ஒலிக்கத்தானே செய்யும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதன் ஒலிகளை இங்கு வகைப்படுத்திச் சொல்லலாம். விடியலில் எழுந்ததும் கழுத்தை நிமிர்த்தி, வாயைக் குவித்து, நீண்ட ஓர் ஊளை. அது எங்களுக்குத் திருப்பள்ளியெழுச்சி. உணவு தாமதித்தால் முனகலும் முறையீடும். "சும்மா இரு" என்று அதட்டினால் வாய் மூடாது. ஏற்ற இறக்கத்தோடு எதிர்வாதம் செய்யும். என் இல்லத்தரசியும் அதுவும் சமையலறை வாயிலில் வாதிடுவதை வெளியிலிருந்து கேட்போர், யாரோ உறவினர் வந்து சண்டையிடுகின்றனர் என்றே எண்ணுவர். மேலும் நாம் குடியிருப்பது ரயில்வே காலனி. இரவில் சரக்கு வண்டி ஒன்று நீளமாய் ஊதினால் போதும். மணி தவறாது பதில் கொடுக்கும். சென்ற பொங்கல் விழாவில் ஒலிபெருக்கியில் கடவுள் வாழ்த்துப் பாடியபோது மூன்றாவது தெருவிலிருந்து யார் உடன் பாடினார் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இவையெல்லாம் சிரித்துக் கடக்கத்தக்கவை. இனிச் சொல்லப்போவது அத்தகையது அன்று.

2022ஆம் ஆண்டு கோடை விடுமுறை முடிந்து மகளின் பள்ளி முறையாகத் திறந்தது. என் மனைவி ஆசிரியப் பணிக்கும், நான் அலுவலகத்துக்கும் புறப்பட்டோம். பிறந்தது முதல் ஒரு நாழிகையும் தனித்திராத மணி, காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை பூட்டிய வீட்டில் தனியே இருந்தது. நாங்கள் திரும்பும்போது அது வாலாட்டி வரவேற்கும். நாங்கள் இல்லாத ஏழு மணி நேரம் அது என்ன செய்தது என்பது எங்களுக்குத் தெரியாது. காலனிக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் மாலை, பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வாழும் லோகோ பைலட் என் வாயிலில் வந்து நின்றார். அவர் இப்பகுதி மராத்தியர். நெடுநாள் அண்டை வீட்டார். பணிக்குப் புறப்பட்ட கோலம், கையில் பெட்டி. தேநீர் அருந்த அழைத்தேன், வேண்டாமென்றார்.

"பாபுஜி, நேற்று இரவு முழுதும் சரக்கு வண்டி ஓட்டிவிட்டுக் காலை ஏழு மணிக்கு வீடு வந்தேன். உண்டு படுத்தேன். பத்தரை மணிக்கு உங்கள் நாய் தொடங்கிற்று. இன்று இரவு மீண்டும் வண்டி. பணியில் கையெழுத்திடுமுன் ஒரு கருவியில் ஊதச் சொல்வார்கள். குடித்திருந்தால் அது காட்டிவிடும். தூங்காதவனைக் காட்டும் கருவி எதுவும் அங்கே இல்லை" என்றார்.

நான் அவருக்கு என்ன விடை சொன்னேன் தெரியுமா? இந்த அவையில் ஒப்புக்கொள்வதற்கே நாணுகிறேன். "நாய் என்றால் சத்தம் போடத்தான் செய்யும்" என்றேன். அவர் மறுமொழி கூறாமல் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சென்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நள்ளிரவில் தொலைவில் ஒரு வண்டி ஊதிற்று. மணி எழுந்து ஊளையிட்டது. சரக்கு அலுவலகத்தில் பணியாற்றும் எனக்கு அந்த வண்டியின் கணக்குத் தெரியும். நிலக்கரி ஏற்றிய 58 வாகன்கள். மொத்த எடை ஐயாயிரம் டன்னை நெருங்கும். அதை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது அந்தச் சிவந்த இரு கண்கள்தாம். ஒவ்வொரு நாளும் தாளில் டன் கணக்கு எழுதும் நான், அதன் பாரத்தை அன்றுதான் நெஞ்சில் உணர்ந்தேன்.

மறுநாள் அலுவலகம் செல்லாமல் வீட்டிலிருந்தேன். எதிர்வீட்டுப் பாட்டியார் என்னை அழைத்தார். எண்பது வயதைக் கடந்த அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். பிழையாகச் சொன்னால் திருத்துவார். நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்பது நம் ஊர்களிலும் உண்டு, இவ்வூரிலும் உண்டு. முதல் சில நாள் அவர் அஞ்சிப் பகலெல்லாம் கந்தர் சஷ்டி கவசம் ஓதியிருக்கிறார். பிறகு ஒன்றைக் கவனித்திருக்கிறார்.

"தம்பி, எமதருமனுக்கும் பத்து முதல் ஐந்து வரைதான் ஆபீஸா? ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் விடுமுறையா? நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில் அது பகலில் அழுவதே இல்லையே! என் பிள்ளையும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் நானும் அந்த நேரம் முழுதும் தனிதான். எனக்கு அழுகை வந்தால் முந்தானை இருக்கிறது. அதற்கு என்ன இருக்கிறது?" என்றார்.

அதன் பிறகே நான் நூல்களைத் தேடிப் படித்தேன். வாங்குமுன் படித்திருக்க வேண்டியதை வாங்கி ஒன்றரை ஆண்டு கழித்துப் படித்தேன்.

ஹஸ்கியின் தாயகம் சைபீரியாவின் வடகிழக்கு மூலை. அங்கே சுக்சி என்னும் மக்கள், பனியின்மீது சறுக்குவண்டி இழுப்பதற்காக இவ்வினத்தை வளர்த்தனர். மெல்லிய பாரத்தை நெடுந்தொலைவு, குறைந்த உணவில், களைப்பின்றி இழுப்பதே இதன் தனித்திறன். 1908ஆம் ஆண்டில் இவை கடல் கடந்து அலாஸ்காவின் நோம் நகருக்குக் கொண்டுவரப்பட்டன. அடுத்த ஆண்டே அங்கு நடந்த 408 மைல் பந்தயத்தில் ஓடின.

இருப்புப்பாதையில் பிழைக்கும் நமக்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. 1925ஆம் ஆண்டு சனவரியில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவிக் குழந்தைகள் மடியலாயினர். மருந்து ஆங்கரேஜ் நகரிலிருந்து ரயிலில் நெனானா வரை வந்தது. அதற்கப்பால் நோம் நோக்கித் தண்டவாளம் இல்லை. எஞ்சிய 674 மைல் தொலைவையும் இருபது வண்டியோட்டிகள், ஏறத்தாழ 150 நாய்களுடன், ஒருவர் கைமாற்ற மற்றவர் வாங்கி, உறைபனிப் புயலில் ஐந்தரை நாளுக்குள் கடந்தனர். சேப்பாலா என்பவர் தோகோ என்னும் ஹஸ்கியை முன்னிறுத்தி மிக நீண்ட, மிகக் கொடிய பகுதியைக் கடந்தார். இறுதிக் கட்டத்தில் முன்னோடிய பால்டோ என்னும் நாய்க்கு அதே ஆண்டில் நியூயார்க் நகரப் பூங்காவில் சிலை எழுந்தது. ரயில் முடிந்த இடத்தில் பணியை ஏற்றுக்கொண்டவை இந்நாய்கள் என்று படித்தபோது, மணியைப் பார்த்து எனக்குப் பெருமையும் வெட்கமும் ஒருங்கே எழுந்தன.

எண்ணிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு துணைகளோடு ஒரே கயிற்றில் பிணைந்து நாள் முழுதும் ஓடப் பிறந்த உயிர் இது. குரைப்பு, அருகே வந்தவனை எச்சரிக்கும் குறுகிய ஒலி. ஊளையோ நீண்டு, தாழ்ந்து, தொலைதூரம் செல்லும் ஒலி. "நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் எங்கே?" என்று பிரிந்த கூட்டத்தைக் கேட்பது அது. வண்டியின் ஊதலும் அவ்வாறே நீண்டு ஒலிப்பதால், தன் இனத்தான் எவனோ அழைப்பதாகக் கருதி அது விடை கூறுகிறது போலும். அத்தகைய உயிரை, மே மாதத்தில் வெயில் 45 பாகை தொடும் இந்நாகபுரியில், இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில், கூலரின் முன்னே பூட்டி வைத்தவன் நான். குற்றம் அதன் தொண்டையில் இல்லை.

பிறகு நாங்கள் செய்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். வெயில் ஏறுமுன், காலை நாலரை மணிக்கு மகளும் நானும் அதை மைதானத்துக்கு அழைத்துச் சென்று ஒரு மணி நேரம் ஓடவிடுகிறோம். மாலை இருட்டியபின் மீண்டும் ஒரு முறை. களைத்த நாய் உறங்கும். ஊளையிட்டால் ஓடிச் சென்று கொஞ்சுவதை விட்டோம். அமைதியாய் இருக்கும்போது கொஞ்சுகிறோம். தனிமைக்கும் சிறுகச் சிறுகப் பழக்கினோம். முதல் நாள் இரண்டு நிமிடம் வெளியே நின்று உள்ளே வந்தோம். பின்னர் ஐந்து நிமிடம், பின்னர் பத்து. பகலில் எஞ்சிய பொழுதைப் பாட்டியார் ஏற்றுக்கொண்டார். "அதை இங்கே கொண்டுவந்து விடு, தம்பி, இரண்டு பேரும் ஒருவர்க்கொருவர் காவல்" என்றார். அவர் கட்டிலடியில் ஈரத்தரையில் அது படுத்துறங்கும். அவர் கதை சொல்வாராம். அதுவும் இடையிடையே "ஊம்" கொட்டுமாம்.

லோகோ பைலட்டின் வீட்டுக்குச் சென்று என் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையோடு தோளைத் தட்டினார். இப்போது எந்தெந்தப் பகலில் தாம் உறங்க வேண்டும் என்பதை முன்னாளிலேயே எனக்குச் சொல்லிவிடுவார். அந்நாட்களில் மணி பாட்டியார் வீட்டின் பின்னறைக்குக் குடிபெயரும். நான்கு மாதத்தில் பகல் ஊளை பெரும்பாலும் அடங்கிற்று. முற்றிலும் அடங்கிவிட்டது என்று சொன்னால் நீங்களே எழுந்து மறுப்பீர்கள். வண்டி ஊதினால் இன்றும் அது விடை சொல்லும். அந்த ஒரு குறையை மட்டும் பொறுத்தருளுமாறு உங்களை வேண்டுகிறேன்.

பெற்றோர்களே, உங்கள் குழந்தைகளும் என் வீட்டுக்கு வந்து மணியைக் கண்டு, "எங்களுக்கும் இது போல் ஒன்று" என்று உங்களை வற்புறுத்துவதாக அறிகிறேன். அருள்கூர்ந்து வாங்காதீர்கள். நீலக்கண்ணைப் பார்க்காதீர்கள், உங்கள் நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தைப் பாருங்கள். அதில் நாய்க்கு எத்தனை மணி நேரம் உண்டு? பக்கத்து வீட்டில் நோயாளி உண்டா, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை உண்டா, இரவுப்பணி ஆற்றுவோர் உண்டா? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. சுவர் ஒன்றே இடையில் உள்ள நம் காலனியில் விதிக்கு முன்பே அண்டை வீட்டாரின் முகம் இருக்கிறது.

நாய்தான் வேண்டுமென்றால் நம் தெருவில் பிறந்து இவ்வெயிலுக்குப் பழகிய குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கலாம். சிப்பிப்பாறை, இராசபாளையம் என்று நம் நாட்டுப் பெருமை பேசி அவற்றை வாங்க நினைப்போர்க்கும் ஒரு சொல்: அவையும் வேட்டைக்குப் பிறந்தவை, ஓடுவதற்கு வெளி வேண்டுபவை. பெருமைக்காக எந்த உயிரையும் அறைக்குள் அடைக்க வேண்டாம்.

இறுதியாக ஒன்று. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நாம், திங்களுக்கு ஒரு முறை இம்மன்றத்தில் கூடி உரக்கப் பேசி, உரக்கப் பாடி, உரக்கச் சிரிக்கிறோம். இத்தெருவின் பிறமொழியாளர் இதுவரை நம்மைப் பொறுத்து வருகின்றனர். ஆதலால் தன் கூட்டத்தை விட்டு வந்த ஓர் உயிர் குரல் கொடுப்பதன் பொருளை நான் முன்னரே உணர்ந்திருக்க வேண்டும். உணர்வதற்கு ஒரு தொழிலாளியின் உறக்கத்தைக் கெடுக்க வேண்டியிருந்தது.

அவர் இன்று பகல் நன்கு உறங்கினார் என்று விசாரித்து அறிந்தேன். இப்போது வண்டியில் இருப்பார். இன்னும் சிறிது நேரத்தில் அவருடைய வண்டி நம் காலனியைக் கடக்கும். அது ஊதும்போது மூன்றாவது தெருவிலிருந்து ஒரு குரல் கேட்டால், யாரும் அஞ்ச வேண்டாம்.