விளையாட்டுக்குள் ஒரு வழக்கு மன்றம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



'மாணவரும் கதையும்' என்ற பொருளில் பேசும்படி தலைமையாசிரியர் எனக்குக் கட்டளையிட்டார். பாட்டி கதை, பஞ்சதந்திரக் கதை என்று நான் தொடங்குவேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். நான் பேசப்போவதோ திரையில் ஆடுகிற ஒரு விளையாட்டைப் பற்றி. "என்னா சார், வீட்டுல இந்த ஹேண்ட்போனப் பிடுங்கி வைக்கிறதே பெரும்பாடா இருக்கு, நீங்க வேற மேடையேறி அதுக்கு விளம்பரமா?" என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுப்பது என் காதில் விழாமல் இல்லை.

அந்தக் கோபம் நியாயமானதே. பிள்ளையின் பொழுதையும் தகப்பனின் சம்பளத்தையும் உறிஞ்சுவதற்கென்றே செய்யப்பட்ட விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு முடிவே கிடையாது. முடிந்துவிட்டால் வியாபாரமும் முடிந்துவிடுமல்லவா? அவற்றுக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் அச்சடித்த புத்தகமெல்லாம் நல்ல புத்தகமா? இல்லை. அதற்காகப் புத்தகமே வேண்டாமென்று நாம் சொல்வதில்லை, நல்லது எது என்று தேடுகிறோம். அப்படித் தேடினால் அகப்படுகிற ஒன்றைத்தான் இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் பெயர் 'குரோனோ டிரிகர்'. ஜப்பானில் ஸ்குவேர் என்ற நிறுவனம் 1995ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளியிட்டது. ஹிரோனோபு சாகாகுச்சி, யூஜி ஹோரி, 'டிராகன் பால்' படக்கதை வரைந்த அகிரா தோரியாமா ஆகிய மூவரும் கூடிச் செய்தது. தோரியாமா 2024இல் காலமானார். அக்காலத்தில் விளையாட்டை ஒரு பிளாஸ்டிக் பேழையில் அடைத்து விற்பார்கள். இதன் பேழையில் அடங்கியது 32 மெகாபிட், அதாவது 4 மெகாபைட். இன்று நம் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அவ்வளவு இருக்கும். அந்த இடத்துக்குள்ளேதான் கதை, படம், இசை எல்லாம். 2011இல் இது கைத்தொலைபேசிக்கும் வந்தது. நான் ஆடியது அதில்தான், பயிற்சிக் கல்லூரி விடுமுறையில்.

இவ்வகை விளையாட்டில் ஆடுகிறவன் ஒரு பாத்திரத்தை ஏற்று, ஊர் ஊராக நடந்து, மனிதர்களோடு பேசி, பகைவரோடு போரிட்டு, கதையை முன்னே தள்ளிக்கொண்டு போகிறான். நாடகத்தில் வேடம் கட்டுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கதை ஒரு விஞ்ஞானப் புனைகதை. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்ணிலிருந்து விழுந்து, பூமியின் வயிற்றில் ஒட்டுண்ணியாகக் கிடந்த ஒரு பூதம் 1999இல் வெளிவந்து உலகைச் சுட்டெரித்துவிடுகிறது. அந்த உலகத்தின் 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த சில இளைஞர்கள் காலத்தின் வாசல்கள் வழியே முன்னும் பின்னும் போய், அந்த அழிவைத் தடுக்கப் பாடுபடுகிறார்கள். கதைச் சுருக்கம் அவ்வளவே. இப்படிச் சொன்னால் எத்தனையோ கதைகளில் இதுவும் ஒன்று என்றுதான் தோன்றும். சொல்லப்பட்ட முறையில்தான் விசேஷம் இருக்கிறது.

விளையாட்டு ஒரு திருவிழாவில் தொடங்குகிறது. குரோனோ என்ற பையனாக நாம் விழாத்திடலில் சுற்றுகிறோம். ஒரு பெண் ஓடிவந்து மோதுகிறாள். அவள் கழுத்துப் பதக்கம் தெறித்து விழுகிறது. முதலில் அவளைப் போய்ப் பார்க்கலாம், அல்லது பதக்கத்தைப் பொறுக்கலாம். ஒரு மேசைமேல் யாரோ ஒரு கிழவரின் சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கிறது. எடுத்துத் தின்றால் யாரும் தடுப்பதில்லை. ஒரு சிறுமி பூனையைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள். தேடிக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். அந்தப் பெண் மிட்டாய்க் கடையில் தயங்கி நிற்கும்போது பொறுமையாய் நிற்கலாம், இழுத்துக்கொண்டும் போகலாம். இதில் எதற்கும் புள்ளி இல்லை, எச்சரிக்கை இல்லை, மணி அடிப்பதில்லை. ஆடுகிறவன் இதையெல்லாம் மறந்தே போகிறான்.

சில மணி நேரம் கழிகிறது. மோதிய பெண் உண்மையில் அரசகுமாரி. அவளைக் காப்பாற்றி அரண்மனைக்கு அழைத்துவந்தால், கடத்திச் சென்றதாகக் குற்றஞ்சாட்டிக் குரோனோவைக் கூண்டில் நிறுத்துகிறார்கள். அப்போதுதான் சாட்சிகள் வருகிறார்கள்! கிழவர் வருகிறார், "என் சாப்பாட்டைத் தின்றவன் இவன்தான்" என்கிறார். பூனையைத் தேடிக் கொடுத்திருந்தால் அந்தச் சிறுமி நமக்காகப் பேச வருகிறாள். மோதியபோது நாம் என்ன செய்தோம் என்பது கண்முன் மறுபடியும் காட்டப்படுகிறது. பிறகு ஏழு நடுவர்கள் ஒவ்வொருவராக ஒரு பக்கம் போய் நிற்கிறார்கள்.

இக்காட்சியை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சொல்லிவிட்டு, "அந்தப் பொட்டலத்தை நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். நல்ல பிள்ளைகள் நல்ல பதிலாகச் சொன்னார்கள், வாத்தியார் எதிரில் வேறென்ன சொல்வார்கள்? பின்வரிசையிலிருந்து ஒருவன் மட்டும், "சார், விளையாட்டுலதானே, தின்னா என்னா?" என்றான். வகுப்பே சிரித்தது. அன்பர்களே, அன்றைக்கு உண்மையான பதில் சொன்னவன் அவன் ஒருவனே. நானும் முதல்முறை ஆடியபோது அந்தப் பொட்டலத்தைத் தின்றவன்தான். விளையாட்டைச் செய்தவர்கள் ஆடுகிறவனின் அந்த நினைப்பை எதிர்பார்த்தே அந்த மேசையைப் போட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் திருடுகிறவன் கதாபாத்திரம். அவனைத் திட்டிவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடலாம். இங்கே பொத்தானை அமுக்கியது நம் விரல். கூண்டில் நிற்கும்போது காது சுடுகிறது. வேறு எந்தக் கதை வடிவத்திலும் இந்தச் சூடு எனக்கு இப்படி ஏற்பட்டதில்லை.

இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. நடுவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னாலும் குரோனோ சிறைக்குத்தான் போகிறான். குற்றமற்றவன் என்று வந்தால் சில மருந்துப் புட்டிகள் கிடைக்கும், அவ்வளவுதான். கதை ஓட வேண்டுமே என்பதற்காகச் செய்திருக்கிறார்கள். மற்றபடி நல்லவனுக்கு நல்லதே நடக்கும் என்று பொய் சொல்லவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு இடம். 2300ஆம் ஆண்டு, அழிந்த உலகம். மிஞ்சியவர்கள் குவிமாடங்களுக்குள் ஒண்டியிருக்கிறார்கள். அங்கே ஓர் இயந்திரம். உள்ளே போய்ப் படுத்தெழுந்தால் உடல்வலிமை முழுவதும் திரும்பிவிடும். ஆனால் "இன்னும் பசிக்கிறது" என்று ஒரு வரி திரையில் வரும். மற்ற எல்லா விளையாட்டுகளிலும் படுத்தெழுந்தால் எண்ணிக்கை நிறைந்துவிடும், அத்தோடு சரி. இங்கே எண்ணிக்கை நிறைகிறது, வயிறு நிறையவில்லை. உணவுக் கிடங்கைத் தேடிப் போனால் எல்லாம் கெட்டுக் கிடக்கிறது; கிடைப்பது கொஞ்சம் விதை மட்டும். அந்த மக்களின் நிலையை ஒரு பக்கம் வர்ணித்திருந்தால்கூட அந்த ஒரு வரிக்கு ஈடாகியிருக்காது.

தாய்மார்கள் அதிகமாக வந்திருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கதையின் பிற்பகுதியில், 1000ஆம் ஆண்டில் ஒரு கடையில் உப்புக்கண்டம் விற்கிறார்கள். விலை 9,900 காசு. அதை வாங்கிக்கொண்டு 600ஆம் ஆண்டுக்குப் போனால், ஓர் ஊர்த்தலைவரின் மனைவி 10,000 காசு கொடுத்து வாங்கிக்கொள்ளத் தயாராயிருக்கிறாள். 100 காசு லாபம்! விற்கலாம், சும்மாவும் கொடுக்கலாம். சும்மா கொடுத்தால், இப்படித் தாராளமாக இருக்கும்படி என் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பேன் என்கிறாள் அவள். நானூறு ஆண்டு கழித்து அதே ஊரின் தலைவர் எப்படிப்பட்டவராக இருக்கிறார் என்பது இதைப் பொறுத்தது. விற்றிருந்தால் அவர் பழைய கஞ்சப் பேர்வழிதான். நமக்குத் தேவையான ஒரு கல்லைப் பிடித்து வைத்துக்கொண்டு தரமாட்டார். கொடுத்திருந்தால் கேட்டவுடனே தந்துவிடுவார். ஒரு தாய் வீட்டில் சொன்ன சொல் இருபது தலைமுறை போய் நிற்பதை, சொற்பொழிவு எதுவும் இல்லாமல், கொடுக்கல் வாங்கலாகவே காட்டிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ரோபோ என்ற இயந்திர மனிதன் ஒருவன் உண்டு. 600ஆம் ஆண்டில் ஒரு பெண் பாலைநிலத்தைக் காடாக்க ஆசைப்படுகிறாள். மனித ஆயுளில் ஆகிற காரியமல்ல. "நான் இருந்து செய்கிறேன், நீங்கள் போங்கள்" என்று ரோபோ தங்கிவிடுகிறான். நாம் காலக்கப்பலில் ஏறி 1000ஆம் ஆண்டில் இறங்குகிறோம்; நமக்குச் சில நொடி. அங்கே காடு நிற்கிறது. நடுவில் ஓர் ஆலயம், அதில் துருவேறி அசைவற்றுப் போன ரோபோவைத் தெய்வமாக வைத்திருக்கிறார்கள். நானூறு வருட உழைப்பு. நம் பாட்டன்மார் காட்டை வெட்டிக் கித்தா நட்டார்கள், பிறகு அதையும் சாய்த்துச் செம்பனை வந்தது. இத்தோட்டத்தில் பிறந்தவனாதலால் அந்தக் காட்சியில் நான் கொஞ்ச நேரம் பொத்தானைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்றிரவு அந்தக் காட்டில் நெருப்பு மூட்டி எல்லாரும் படுத்திருக்கும்போது, லூக்கா என்ற பெண் மட்டும் எழுந்து ஒரு வாசல் வழியே தன் சிறுவயதுக்குப் போய்விடுகிறாள். அவளுடைய தாயின் உடை ஓர் இயந்திரத்தில் சிக்கி, கால்கள் போன நாள் அது. இயந்திரத்தை நிறுத்தக் கடவுச்சொல் வேண்டும். என் அன்பு மனைவியின் பெயர்தான் அது என்று தகப்பன் எழுதிய குறிப்பு அந்த வீட்டிலேயே கிடக்கிறது. தாயின் பெயர் லாரா. அக்காலத்து ஆட்டக் கைப்பிடியின் தோளில் எல், ஆர் என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும், முகப்பில் ஏ இருக்கும். எல், ஏ, ஆர், ஏ என்று நான்கு முறை அமுக்கினால் போதும், ஆங்கில எழுத்தில் அவள் பெயர் வந்துவிடும். நேரமோ மிகக் கொஞ்சம். தவறினால் அந்தத் தாய்க்குக் கடைசிவரை நடக்க முடியாது. விளையாட்டு நம்மைத் தண்டிக்காது, மறுவாய்ப்பும் தராது, கதை அப்படியே நடக்கும். முதலாம் ஆண்டுப் பதிவன்று "அம்மா பேரு என்னா?" என்று கேட்டால் "அம்மா" என்று மட்டுமே சொல்லும் நம் பிள்ளைகள்தான் எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வந்தார்கள்.

சண்டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இருவரோ மூவரோ சேர்ந்து தங்கள் வித்தைகளை ஒன்றாக்கி அடிக்கலாம் என்பது நல்ல யோசனை. நெருப்புக்காரியும் மின்னல்காரனும் கைகோத்தால் புது வித்தை ஒன்று பிறக்கும். பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உண்டு, எப்போது போய்ப் பூதத்தை எதிர்க்கிறோம் என்பதைப் பொறுத்து. 2019இல் ஜப்பானின் ஃபமிட்சு இதழ் ஹெய்செய் சகாப்தத்தின் சிறந்த விளையாட்டு எதுவென்று வாசகர்களைக் கேட்டபோது இதற்குத்தான் முதலிடம் கிடைத்தது.

பெற்றோர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. பிள்ளை கைத்தொலைபேசியோடு உட்கார்ந்தால் "எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். அதோடு "அதுல என்னாடா கதை?" என்றும் ஒருதரம் கேளுங்கள். கதையே இல்லாத விளையாட்டாயிருந்தால் பிள்ளை விழிப்பான், அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். கதை இருந்தால் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். நான் சொன்ன இந்த விளையாட்டில் ஒரு வரிகூடத் தமிழ் கிடையாது. படிப்பது ஆங்கிலத்தில், அதை அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் விளங்கும்படி சொல்வது தமிழில். கட்டுரை நோட்டில் ஐந்து வரிக்கு மேல் எழுதாத அந்தப் பின்வரிசைப் பையன், ரோபோவின் கதையை மறுவாரம் வகுப்பின் முன்னே நின்று, தானாக இரண்டு மூன்று சம்பவங்களையும் சேர்த்து, இடைவேளை மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் பசியாறப் போகாமல் கேட்டார்கள்.

ஆகவே அடுத்த ஆண்டுக் கதை சொல்லும் போட்டியில், புத்தகத்தில் படித்த கதைக்கு ஒரு பிரிவும், பிள்ளை தானே ஆடி முடித்த கதைக்கு ஒரு பிரிவுமாக வைக்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பரிசுக் கோப்பைக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கை கொடுக்கும் என்று நம்புகிறேன். நடுவர்களாகத் தாத்தா பாட்டிகளையே உட்கார வைக்கலாம் என்பது என் எண்ணம். பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் பள்ளி திறந்த முதல் வாரத்தில் என்னை வந்து பார்க்கவும்.