சிறை மீண்டவருக்கு வேலை



கடை வைத்திருப்போரும் சிறு தொழில் நடத்துவோரும் நம் நேயர்களில் பலர் உண்டு. ஆள் பற்றாக்குறையைப் பற்றி அவர்கள் குறைப்பட்டுக்கொள்ளாத நாளே இல்லை. சமையற்கட்டுக்கு ஆள் வேண்டும், கிடங்கில் மூட்டை இறக்க ஆள் வேண்டும், லாரி ஓட்ட ஆள் வேண்டும். ஆனால் வேலை கேட்டு வந்து நிற்பவர், "சிறையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது, முதலாளி" என்று சொல்லிவிட்டால் போதும். "பிறகு சொல்லி அனுப்புகிறோம், தம்பி" என்று பதில் வருகிறது. சொல்லி அனுப்பப் போவதில்லை என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

சிங்கப்பூரில் இது புதிய அக்கறையன்று. கைதிகளுக்குத் தொழில் பழக்கவும் விடுதலையானவர்களுக்கு வேலை தேடித் தரவும் 1976ஆம் ஆண்டிலேயே 'ஸ்கோர்' என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட அரசாங்கக் கழகம் ஒன்று அமைக்கப்பட்டது. சாங்கி சிறை வளாகத்தினுள் ரொட்டி சுடும் கூடமும் மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக் கூடமும் அதன் பொறுப்பில் நடந்தன. 2004ஆம் ஆண்டில் அன்றைய அதிபர் எஸ்.ஆர். நாதன் தொடங்கிவைத்த மஞ்சள் ரிப்பன் திட்டம் பொதுமக்களின் மனத்தைத் தட்ட முயன்றது. 2020இல் ஸ்கோர் கழகமே 'மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. இந்த இயக்கத்தார் அடிக்கடி சொல்வது 'இரண்டாவது சிறை' என்ற சொல். முதற்சிறைக்குத் திறவுகோல் சிறைத்துறையிடம் இருக்கிறது. இரண்டாவதற்கோ நம் கையில்.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். 1998ஆம் ஆண்டு விடுதலையானவர்களில் 44.4 விழுக்காட்டினர் இரண்டே ஆண்டுகளுக்குள் மீண்டும் தண்டனை பெற்றனர். அண்மை ஆண்டுகளில் அந்த அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒருவராகக் குறைந்திருக்கிறது. இடைநிலை இல்லங்கள், விடுதலைக்குப் பிந்திய கண்காணிப்பு, குடும்பத்தாரின் ஆதரவு எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. வேலைவாய்ப்புக்கு மட்டும் முழுப் புகழையும் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் கையில் சம்பளமும் காலையில் எழுந்து போக ஓர் இடமும் இல்லாத மனிதன் பழைய கூட்டாளிகளிடம்தான் போய் நிற்பான் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை.

முதலாளிமார் மனத்தில் இருக்கும் அச்சத்தையும் நாம் கேலி செய்யக் கூடாது. "கல்லாப்பெட்டியை எப்படி ஒப்படைப்பது?" என்பது நியாயமான கேள்வியே. ஆனால் சற்று நின்று பாருங்கள். இந்நாட்டுச் சிறைகளில் இருப்போரில் பெரும்பாலோர் போதைப்பொருள் குற்றத்திற்காக உள்ளே போனவர்கள். அவர்களில் பலர் யார் பெட்டியிலும் கை வைத்தவர்கள் அல்லர். 'சிறைக்குப் போனவன்' என்ற ஒரே சொல்லுக்குள் திருடியவரையும், குடித்துவிட்டுக் கைகலப்பில் இறங்கியவரையும், போதைக்கு அடிமையானவரையும் ஒன்றாகக் கட்டிப் போட்டால் நாம் கணக்கைத் தவறாகப் போடுகிறோம். சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். நம்பிக்கை மோசடி செய்தவரை முதல் நாளே கணக்குப் பிள்ளையாக அமர்த்த வேண்டியதில்லை. அவரையே சரக்கு அடுக்கும் வேலைக்கு எடுப்பதில் என்ன தடை? குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவரிடம் லாரிச் சாவியைத் தர வேண்டாம். அடுப்படியில் அவர் நன்றாகவே தோசை வார்க்கக்கூடும். எந்தக் குற்றம், எப்போது நடந்தது, நாம் தரும் வேலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

சட்டமும் ஓர் இடத்தில் இப்படித்தான் சிந்திக்கிறது. 2005ஆம் ஆண்டு முதல், சிறு குற்றத்திற்குத் தண்டனை பெற்ற ஒருவர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 5 ஆண்டுகள் வேறு குற்றமின்றி வாழ்ந்தால் அவருடைய பதிவு காலாவதியானதாகக் கருதப்படும். அதன் பிறகு, குற்றப் பதிவு உண்டா என்று கேட்டால் இல்லை என்றே அவர் பதில் கூறலாம்.

வேலைக்கு எடுத்துக்கொண்ட பிறகு சில நடைமுறைகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தண்டனையின் கடைசிப் பகுதியை வீட்டிலோ இடைநிலை இல்லத்திலோ கழிப்பவரின் கணுக்காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை இருக்கலாம். குறித்த நேரத்திற்குள் அவர் இருப்பிடம் திரும்ப வேண்டும். "இன்றைக்கு லோடு அதிகம், பத்து மணி வரை இரு" என்று நாம் சொன்னால் அவர் நமக்கும் அஞ்ச வேண்டும், சிறைத்துறைக்கும் அஞ்ச வேண்டும். போதைப்பொருள் வழக்கில் இருந்தவர் சிறுநீர்ச் சோதனைக்கு முறைப்படி போய்வர வேண்டும். அது 5 ஆண்டுகள் வரை தொடரலாம். அந்த நாள்களை முன்கூட்டியே அட்டவணையில் எழுதிக்கொண்டால் வேலையும் கெடாது, சக ஊழியர் கண்ணிலும் படாது. அவர் கதையை யார் யாருக்குச் சொல்வது என்பதை அவரிடமே கேளுங்கள். மேற்பார்வையாளர் ஒருவருக்குத் தெரிந்தால் பெரும்பாலும் போதும். ஏதாவது காணாமற்போனால் எல்லாரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்க்கும் கடையில் எவரும் நீடிக்க மாட்டார்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுவோம். 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், அண்மையில் விடுதலையானவரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு முதல் 9 மாதங்களுக்குச் சம்பளத்தில் 20 விழுக்காடு வரை, மாதம் 600 வெள்ளிக்கு மேற்படாமல், அரசாங்கம் ஈடு தரும் என்று அறிவிக்கப்பட்டது. மாதம் 2,400 வெள்ளி சம்பளம் என்றால் 480 வெள்ளி. ஒன்பது மாதத்திற்கு 4,320 வெள்ளி. இதற்காகவே ஆள் எடுத்துவிட்டுப் பத்தாவது மாதம் கணக்குத் தீர்ப்பவரும் இருக்கலாம். அவர்களுக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை.

ஏனெனில் உண்மையான சிக்கல் அந்தப் பத்தாவது மாதத்திற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இரண்டு ஆண்டுக் கணக்கை ஐந்து ஆண்டாக நீட்டினால், மீண்டும் தண்டனை பெறுவோர் ஏறத்தாழ பத்தில் நான்கு பேராக ஏறிவிடுகின்றனர். தட்டு கழுவ எடுத்தவரை நான்கு ஆண்டு கழித்தும் தட்டு கழுவவே விட்டால் அவர் மனம் எங்கே போகும்? பயிற்சி, வேலை, வேலையில் வளர்ச்சி மூன்றையும் ஒன்றாக இணைக்கும் திட்டத்தை மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர் 2021இல் துல்லியப் பொறியியல் துறையோடு தொடங்கியது இதை உணர்ந்துதான். 2007இல் தொடங்கப்பட்ட 'எயிட்டீன் செஃப்ஸ்' உணவகமும் சிறை மீண்டவர்களுக்குச் சமையல் தொழிலில் இடம் தந்து வந்திருக்கிறது. அவர்களில் எல்லாரும் நிலைத்திருப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. எந்த உணவகத்தில்தான் எடுத்தவரெல்லாம் நிலைக்கிறார்கள்?

ஆள் தேடுவோர் மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூரை நேரடியாக அணுகலாம். தமிழில் பேசி விவரம் அறிய விரும்புவோருக்கு இந்து அறக்கட்டளை வாரியம் நடத்திவரும் 'ஆசிரமம்' என்னும் இடைநிலை இல்லமும் உண்டு. நேர்முகத்திற்கு வருகிறவர் சட்டைப் பையில் கைபேசிகூட இல்லாமல் வரலாம். விடுதலையான முதல் வாரங்களில் அது இயல்பு. "பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்பதற்குப் பதில், எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.