சுண்ணாம்புக் கணக்கும் கிணற்றுத் தண்ணீரும்
(திண்டுக்கல்லில் பேசியது)



ரசாயனக் கணக்கென்றால் அது காலேஜ் பிள்ளைகளின் பரீட்சைக்கு மாத்திரம் உரியதென்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால், திண்டுக்கல் தோல் பதனிடும் சாலைகளைச் சுற்றிக் குடியிருக்கும் நமக்கு அது கிணற்றுத் தண்ணீரைப் பற்றிய கணக்கேயாகும்.

முதலில் சுண்ணாம்புச் சூளையைப் பாருங்கள். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவை நன்றாய்ச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் கிடைக்கும். மீதி 44 கிலோ எங்கே? சூளைக்காரன் திருடினான் என்பார் முதலாளி. கண்ணேறு பட்டது என்பார் மற்றொருவர். இரண்டும் பொய். அந்த 100-ல் கால்சியம் 40, கரி 12, பிராணவாயு 48. கரி 12-ம் பிராணவாயுவில் 32-ம் கூடிக் கரியமிலவாயுவாகிக் காற்றோடு போய்விடுகின்றன. கூட்டிப் பாருங்கள், 44! ரசாயன மாறுதலில் எடை புதிதாய்ப் பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை என்று 18-ம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து லவாய்சியே தராசைக் கொண்டே காட்டினார், மந்திரத்தைக் கொண்டல்ல.

அந்த 56 கிலோவை நீற்றினால் 18 கிலோ தண்ணீரைக் குடித்து 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது.

இனித் தோல் சாலைக்கு வருவோம். ஆவாரம்பட்டையோடு காரக் குரோமியம் சல்பேட் என்னும் உப்பாலும் தோல் பதனிடுகிறார்கள். தோல் குடித்தது போக மிஞ்சிய குரோமியம் கழிவுநீரிலேயே நிற்கிறது. அதைப் பிரித்தெடுக்க ஒரு வழி சுண்ணாம்பு. 165 கிலோ காரக் குரோமியம் சல்பேட்டுக்கு 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு வேண்டும். 103 கிலோ குரோமிய வண்டலும் 136 கிலோ கால்சியம் சல்பேட்டும் உண்டாகும். இப்பக்கமும் 239, அப்பக்கமும் 239.

ஒரு சாலையின் கழிவுநீரில் நாளொன்றுக்கு 33 கிலோ மிஞ்சுகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். 33 என்பது 165-ல் ஐந்திலொன்று. ஆகவே சுண்ணாம்பும் 74-ல் ஐந்திலொன்று, அதாவது 14.8 கிலோ வேண்டும். சரக்கு அழுக்காயிருந்தால் இன்னுங் கூடுதலாகவே வேண்டும். "இரண்டு கூடை தூவிவிட்டோம், சுத்தமாகிவிட்டது" என்று சொல்லுகிறவரிடம், கூடைக்கு எத்தனை கிலோ என்று கேட்க நமக்கு உரிமையில்லையா? கேட்டால் "உனக்கென்ன தெரியும்?" என்பார்கள். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதாதா?

இது வீண் வாதமல்ல. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 28-8-1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது, அதில் திண்டுக்கல் ஜில்லாவின் தோல் சாலைகளும் அடங்கியிருந்தன. கெடுத்தவரே செலவைக் கொடுக்கவேண்டும் என்றது கோர்ட். எவ்வளவு கெடுத்தார் என்பதை அளந்து கணக்கிடாமல் எவ்வளவு கொடுப்பதென்று எப்படிச் சொல்வது?

வண்டல் விஷயத்திலும் ஏமாறக்கூடாது. குரோமியம் தண்ணீரை விட்டு நீங்கிற்றே தவிர உலகத்தை விட்டு நீங்கவில்லை. அந்த 33 கிலோவுக்கு 20.6 கிலோ குரோமிய வண்டல் தினந்தோறும் சேரும். அது எந்தக் குழியில் போகிறதென்று பார்க்கவேண்டும். கந்தகத் திராவகத்தில் கரைத்தால் அதுவே மறுபடியும் தோலுக்கு உதவும், எறிவது நஷ்டந்தான்.

இன்னொன்று சாதாரண உப்பு. பச்சைத்தோல் அழுகாதிருக்கப் போடும் உப்பு, தோலை ஊறவைக்கும்போது கழுவுநீரில் இறங்கிவிடுகிறது. எத்தனை மூட்டை சுண்ணாம்பைக் கொட்டினாலும் இந்த உப்பு தண்ணீரை விட்டுப் பிரியாது. தோலை ஊறப்போடுமுன் ஒட்டியிருக்கும் உப்பை உதறி எடுக்கவேண்டும். மிஞ்சிய உப்புத் தண்ணீரைத் தனியே பிரித்து வற்றவைக்கவேண்டும். அப்படியும் உள்ளே வந்த உப்பு எத்தனை மூட்டை, வெளியே எடுத்தது எத்தனை மூட்டை என்று எழுதிக் கழித்துப் பாருங்கள். குறைகிற மூட்டைகளைக் கிணற்றிலும் வயலிலுந்தான் தேடவேண்டும்.